சிமுலேட்டரில் வடாற்காட்டு வானம்: அடிவான மூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடாற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாக இருக்கிறது. இந்த நிலத்தின் மேலே ஃபிளைட் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில்) பறக்கிறவர்கள் விமானத்தைப் பற்றிக் கேட்பதைவிட வானத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். மலை இருக்கிறது, பாலாறு இருக்கிறது, ரயில் பாதைகூட இருக்கிறது, ஆனாலும் நம் ஊர் மாதிரி இல்லையே என்பதுதான் எல்லாருடைய குறையும். பெரும்பாலும் அந்தக் குறைக்குக் காரணம் நிலத்தில் இல்லை, நமக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ள காற்றில் இருக்கிறது.

வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்திலிருந்து மேலே ஏறினால் ஜவ்வாது மலை அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறது. மலைப் படம் சரியில்லையா?

மலைப் படத்தை மாற்றிப் பயனில்லை. நடுவில் உள்ள காற்று சரியாக வரையப்படவில்லை.

தூரத்து மலையைப் பார்க்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மலையிலிருந்து கிளம்பிய ஒளியில் ஒரு பங்கு வழியிலேயே சிதறிப் போய்விடுகிறது. அதே வழியில் இருக்கும் காற்றும் தூசியும் சூரிய ஒளியைச் சிதறடித்து, புது வெளிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. அதனால்தான் கருப்பான மலை தள்ளிப் போகப் போக வெளுத்து நீலம் ஏறுகிறது. வெள்ளை மேகத்துக்கு இது தலைகீழ்: வெகு தூரத்தில் நிற்கும் குவிமேகம் லேசாக மஞ்சள் தட்டும், ஏனென்றால் அதன் நீலம் வழியில் கழிந்துவிடுகிறது. பல சிமுலேட்டர்களும் அவற்றோடு சேர்க்கும் ஆட்-ஆன்களும் மலை, மேகம் இரண்டையும் ஒரே சாம்பல் நிறத்தை நோக்கித்தான் மங்கவைக்கின்றன. கண் அதை உடனே பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறது.

எவ்வளவு மங்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜெர்மானிய வானிலையாளர் கோஷ்மீடர் 1924-இல் கொடுத்த விதிப்படி, அடிவானத்தை ஒட்டித் தெரியும் ஒரு கருப்புப் பொருளின் கான்ட்ராஸ்ட் (பின்னணி வானத்தோடு உள்ள வெளிச்ச வேறுபாடு) 2 சதவீதமாகக் குறையும் தூரமே பார்வைத் தூரம். இந்தக் குறைவு ஒரே சீராக நடப்பதில்லை. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். பார்வைத் தூரத்தை 5.6-ஆல் வகுத்தால் அந்தப் பாதியாகும் தூரம் கிடைக்கும். பார்வைத் தூரம் 20 கிலோமீட்டர் என்றால், சுமார் 3.5 கிலோமீட்டரில் கான்ட்ராஸ்ட் பாதி, 7 கிலோமீட்டரில் கால், பத்தரைக் கிலோமீட்டரில் அரைக்கால். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையில் பாறையும் புதரும் தனித்தனியாகத் தெரிகிறது என்றால் உங்கள் சிமுலேட்டர் 20 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ வரைகிறது என்று பொருள்.

குறிப்பிட்ட தூரம் வரை எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, அதற்கப்புறம் ஒரேயடியாக மறைகிறது. ஏன்?

அது நேர்கோட்டு மூட்டம். பழைய ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நிரல் முறையின் காலத்திலேயே மூட்டத்துக்கு மூன்று வகை இருந்தன: நேர்கோட்டு வகை, அடுக்குக்குறி வகை, அடுக்குக்குறியின் வர்க்க வகை. முதலாவதில் மூட்டம் ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முழுதாகிவிடும். மூன்றாவதிலும் பக்கத்தில் மூட்டமே தெரியாமல் தூரத்தில் சட்டென்று கவியும். நிஜக் காற்று நடந்துகொள்வது இரண்டாவது வகை மாதிரி, மேலே சொன்னபடி குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பாதியாகும். தேர்ந்தெடுக்க வழியிருந்தால் அதையே வையுங்கள்.

நிலம் முடிந்து வானம் தொடங்கும் இடத்தில் தையல் போட்டது மாதிரி ஒரு கோடு தெரிகிறது. எப்படிப் போக்குவது?

இந்தக் கோட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் நிறம். பல சிமுலேட்டர்களில் நிலத்தின் மேல் போடும் மூட்டத்துக்கு ஒரே நிறம்தான். வானமோ திசைக்குத் திசை மாறுகிறது: சூரியன் பக்கம் வெளுப்பு, எதிர்ப்பக்கம் நீலம். ஒரே நிற மூட்டம் ஏதாவது ஒரு திசையில்தான் வானத்தோடு பொருந்தும், மற்ற எல்லாப் பக்கமும் கோடு விழும். எஃப்.எஸ்.எக்ஸில் (மைக்ரோசாஃப்டின் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) வானத்தின் நிறங்கள் படக்கோப்புகளிலிருந்து வருகின்றன. அதில் வானப் படங்களை மட்டும் மாற்றினால் இந்தக் கோடு இன்னும் மோசமாகும். ஒவ்வொரு திசையிலும் அடிவானத்து வானம் என்ன நிறமோ, அந்தத் திசை நிலத்தின் மூட்டத்துக்கும் அதே நிறம் என்பதுதான் சரியான தீர்வு.

இரண்டாவது, நிலம் முடியும் இடம். கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரத்தில் அடிவானம் ஏறக்குறைய 62 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 10,000 அடியில் 197 கிலோமீட்டர், 35,000 அடியில் 369 கிலோமீட்டர். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்க மூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும். சிமுலேட்டர் 100 கிலோமீட்டர் வரைதான் நிலத்தை வரைகிறது என்றால், 10,000 அடியில் பாதி நிலம் இல்லாமல் போகிறது. அந்த இடத்தை மூட்டம் மறைத்தாக வேண்டும். மறைக்காவிட்டால் விளிம்பு தெரியும்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. உயரப் போனால் அடிவானம் கண்மட்டத்தில் இருக்காது, கீழே இறங்கும். 10,000 அடியில் சுமார் 1.8 பாகை, 35,000 அடியில் சுமார் 3.3 பாகை. வானக் கூரையின் வெளிர் பட்டையைக் கண்மட்டத்திலேயே கட்டிவைத்திருக்கும் சிமுலேட்டரில், நிலத்துக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவில் வேறு நிறத்தில் ஒரு கீற்று தெரியும். மூட்டத்தைக் கூட்டினால் அது மறையும், ஆனால் 35,000 அடியில் அவ்வளவு மூட்டம் கிடையாது. ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடியதாகத்தான் ஆகும்.

மூட்டம் எந்த உயரம் வரை இருக்க வேண்டும்?

எனக்கு இந்தப் பக்கத்தில் மிகவும் பிடித்த கேள்வி இது. வடாற்காட்டு வானம் சரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பது உயரத்தோடு மெதுவாகக் குறைகிறது. சுமார் 8 கிலோமீட்டருக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகும். தூசியும் புகையும் அப்படியில்லை. கணினி வரைகலையில் இவற்றுக்கு வழக்கமாக வைக்கும் எண் 1.2 கிலோமீட்டர். அதாவது சுமார் 3,600 மீட்டர் போனால் தரையில் இருந்ததில் 5 சதவீதம்தான் மிச்சம். அதனால் தரையில் இருந்த அதே மூட்டத்தை 20,000 அடியிலும் காட்டுகிற சிமுலேட்டரை நம்ப வேண்டாம்.

இந்த எண்ணும் சராசரிதான். நிஜத்தில் மூட்டத்துக்குப் பல நாள் ஒரு தெளிவான மேல்மட்டம் இருக்கும். தரைக் காற்று கலந்து எழும்பும் உயரம் எதுவோ, அதுவரை தூசி ஏறும். அதற்கு மேலே சட்டென்று தெளிந்துவிடும். மார்கழி, தை மாதக் காலையில் அந்த மட்டம் சில நூறு மீட்டர்தான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றுப் பள்ளம் முழுக்க வெள்ளையாகக் கிடக்க, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயர ஏலகிரி அதற்கு மேலே நன்றாகத் தெரியும். வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட காலையில் அதன் வெள்ளைக் கூரைகள் மூட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் கதை வேறு. வேலூரில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் பிற்பகலில் காற்று 2, 3 கிலோமீட்டர் உயரம் வரை கலக்கும். அன்று ஏலகிரியும் மூட்டத்துக்குள்ளேதான். ஆனால் அதே தூசி அதிக உயரத்துக்குப் பரவியிருப்பதால் தரையில் அடர்த்தி குறைவு.

உங்கள் சிமுலேட்டரில் மூட்டத்தை அடுக்காக வைக்க முடிந்தால், பார்வைத் தூரத்தைத் தொடுவதற்கு முன்னால் இந்த மேல்மட்டத்தை வையுங்கள். அதைத் தாண்டி ஏறும்போது பக்கவாட்டில் பழுப்பு விளிம்பு ஒன்று நேராக ஓடும். அடிவானம் அதுதான் என்று கண் ஏமாறும். நிஜ விமானிகளுக்கும் இந்தப் பொய் அடிவானம் தெரிந்த விஷயம். சிமுலேட்டரில் அது வந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

காலையில் அரக்கோணம் பக்கம் பறந்தால் ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வேலூரைப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது. இது பிழையா?

இல்லை, இதுதான் சரி. உங்கள் சிமுலேட்டர் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

தூசியும் நீர்த்துளியும் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும். அதனால் சூரியனை நோக்கிப் பார்க்கும்போது மூட்டம் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. சூரியனுக்கு முதுகைக் காட்டினால் அதே மூட்டம் அடக்கமான நீலச் சாம்பல், அதற்குப் பின்னால் மலைகளும் தெரியும். காற்று மாறவில்லை, நாம் திரும்பிய திசைதான் மாறியது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. காலை ஏழு மணி, உயரம் 5,000 அடி, பார்வைத் தூரம் 10 கிலோமீட்டர். வேலூர்க் கோட்டைக்கு மேலே ஒரு முழு வட்டம் போடுங்கள். வட்டம் முழுக்க மூட்டம் ஒரே மாதிரி இருந்தால் உங்கள் சிமுலேட்டரில் திசைக் கணக்கே இல்லை. அமைப்புகளை எவ்வளவு திருகினாலும் அது வராது.

அரக்கோணத்தைச் சொன்னதால் இன்னொரு சோதனையும் சொல்கிறேன். அங்குள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளியின் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். பார்வைத் தூரத்தை 5 கிலோமீட்டராக வைத்து, பாதையின் ஒரு முனையில் விமானத்தை நிறுத்துங்கள். கணக்குப்படி மறுமுனையின் கான்ட்ராஸ்ட் நாலைந்து சதவீதம்தான் இருக்க வேண்டும், அதாவது இருக்கிறதா இல்லையா என்ற அளவில். அங்கே மறுமுனை தெளிவாகத் தெரிந்தால் மூட்டம் போதவில்லை. நடுப்பாதையே மறைந்துவிட்டால் அளவுக்கு மீறிவிட்டது.

எந்த மாதத்துக்கு என்ன அளவு வைக்கலாம்?

இங்கே நான் சொல்வது என் கண்ணுக்குச் சரியாகப் படுவது, அளவீடு இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்த மறுநாள்தான் நம் ஊரின் சிறந்த வானம். மழை தூசியைக் கழுவிவிடும். அன்று 50 கிலோமீட்டர், அதற்கு மேலும் வைக்கலாம். வேலூருக்குத் தெற்கே சுமார் 75 கிலோமீட்டரில் 814 மீட்டர் உயரம் நிற்கும் திருவண்ணாமலை, 6,000 அடியிலிருந்து வெளிர் நீலத்தில் தெரிந்தால் அளவு சரி. மார்கழிக் காலைக்கு 2 முதல் 4 கிலோமீட்டர், தாழ்ந்த மட்டம், நிறம் வெள்ளை. பத்து மணிக்கு மேல் அந்த மூட்டத்தை நீக்கிவிடுங்கள். கோடைப் பிற்பகலுக்கு 12 முதல் 20. அப்போது உச்சி வானம்கூட அடர்நீலமாக இருக்கக் கூடாது, வெளுத்த நீலம்தான். பெரிய தூசித் துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால் நீலத்தின் ஆதிக்கம் குறைந்துவிடுகிறது.

போகிக்குத் தனி அமைப்பு வேண்டும். விடியற்காலைப் புகை தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றிலேயே மாட்டிக்கொள்ளும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அன்றைய மூட்டம் வெள்ளையாக இருக்காது, பழுப்பு கலந்திருக்கும். கரும்பு வெட்டியபின் தோகை கொளுத்தும் மாலைகளிலும் இப்படித்தான். புகை கொஞ்சம் எழும்பி, ஓரிடத்தில் தட்டி, பக்கவாட்டில் படர்ந்துவிடும்.

நேரடி வானிலையைப் போட்டால் எப்போதும் ஒரே மாதிரி மங்கலாக வருகிறதே?

விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கையை அந்தச் சிமுலேட்டர் எப்படிப் படிக்கிறது என்பதைப் பொறுத்தது. மெட்டாரில் 9999 என்றால் 10 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல். மேலே எவ்வளவு என்று அது சொல்வதில்லை. அதைச் சரியாகப் பத்து கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள், மழை கழுவிய நாளையும் மங்கலாக்கிவிடும். நம் நாட்டு மெட்டார்களில் 6000 (மீட்டர்) என்ற எண்ணும் அடிக்கடி வரும். அதை அப்படியே 30,000 அடி வரை நீட்டினால் வானம் கெட்டுப்போகும். மெட்டார் சொல்வது தரையில் உள்ள பார்வைத் தூரம் மட்டுமே.

வேலூரைச் சுற்றி எடுக்கக்கூடியவை சென்னை, பெங்களூரு, திருப்பதி. சென்னையில் கடல் ஈரம் உண்டு. பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுமே வேலூருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நான் திருப்பதியைத்தான் பார்ப்பேன்.

அறிக்கையில் உள்ள குறியையும் கவனியுங்கள். பி.ஆர். என்றால் நீர்த்துளி மூட்டம், வெண்சாம்பல். எச்.இசட். என்றால் உலர்ந்த தூசி மூட்டம். எஃப்.யு. என்றால் புகை. பெரும்பாலான மென்பொருள்கள் மூன்றுக்கும் ஒரே நிறம் போடுகின்றன. நிறத்தைக் கையால் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

எந்தச் சிமுலேட்டரில் எதைத் தொட வேண்டும்?

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல், வானிலையை நாமே அமைக்கும் பகுதியில் ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்) அடர்த்தி என்ற ஸ்லைடர் இருக்கிறது. நம் கோடைக்கு அதைக் கொஞ்சம் கூட்டினாலே போதும், கடைசி வரை தள்ளினால் புழுதிப் புயலாகிவிடும். எக்ஸ்-பிளேன் 12-இல் வானமும் மூட்டமும் ஒளி இயற்பியலை ஒட்டியே கணக்கிடப்படுகின்றன. பார்வைத் தூரத்தை மட்டும் சரியாக வைத்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். ஃபிளைட்கியர் இலவசம், மூலநிரலும் திறந்தது. அதில் வளிமண்டல ஒளிச்சிதறல் ஷேடரும் (நிறத்தைக் கணக்கிட்டு வரையும் நிரல்) விரிவான வானிலை முறையும் இருக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், என்ன நடக்கிறது என்று நிரலையே திறந்து படிக்கலாம். எஃப்.எஸ்.எக்ஸ் வைத்திருப்பவர்கள் வானப் படங்களையும் மூட்டத்தையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள், இரண்டு இடத்திலிருந்து கலக்காதீர்கள்.

படம் எடுத்தால் சப்பென்று இருக்கிறது. கான்ட்ராஸ்ட் கூட்டும் ஃபில்டர் போடலாமா?

வேண்டாம். அந்த ஃபில்டர் முதலில் அழிப்பது தூரத்து மூட்டத்தைத்தான். மலை கிட்டே வந்துவிடும், வானம் ஊதா அடிக்கும், மேலே சொன்ன கணக்கு எல்லாம் வீண். படம் சப்பென்று இருந்தால் நேரத்தை மாற்றுங்கள். உச்சிவேளையில் நிஜ வேலூரும் சப்பென்றுதான் இருக்கும்.

சூரியன் மறைந்தபின் அடிவானம் இயல்பாக இல்லை. என்ன குறை?

வழக்கமாக இரண்டு. சூரியன் இறங்கியபின்னும் உச்சி வானம் நல்ல நீலமாக இருப்பதற்குப் பெரிய காரணம் ஓசோன், அது ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை உறிஞ்சிவிடுகிறது. ஓசோனைக் கணக்கில் சேர்க்காத வானம் அந்தியில் பச்சையும் மஞ்சளுமாகக் கலங்கிப்போகும். அடுத்தது கிழக்குப் பக்கம்: பூமியின் நிழல் அடிவானத்தில் நீலச்சாம்பல் பட்டையாக எழும்பும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை. இதை வரையாத சிமுலேட்டரில் கிழக்கு வெறுமனே இருட்டும்.

நேரத்தையும் பாருங்கள். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மறைந்ததிலிருந்து 6 பாகை கீழே போகச் சுமார் 22 நிமிடம்தான். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த ஆட்-ஆன்கள் நம் ஊர் அந்தியை இழுத்துக்கொண்டே போகும்.

வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் இருப்பதால் மெல்லிய நிறமாற்றத்தில் படிகள் தெரிகின்றன. டித்தரிங் (படிகளுக்கு நடுவே புள்ளிகளைக் கலந்து மறைக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். மானிட்டரை 10 பிட்டுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மூட்டம் வைத்தால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) கூடுமா?

பழைய சிமுலேட்டர்களில் கூடும், மூட்டத்துக்குப் பின்னால் உள்ள நிலத்தை வரையாமல் விடலாம். புதியவற்றில் மூட்டமே கணக்குப் போட்டு வரையப்படுவதால் குறையவும் செய்யலாம்.

நம் ஊர் மூட்டத்தை நானே அளந்து வைக்க முடியுமா?

முடியும். எல்லாரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சோளிங்கர் பெரிய மலைக்குப் போங்கள், இப்போது ரோப் கார் இருக்கிறது. ஒரே திசையில் வெவ்வேறு தூரத்தில் நிற்கும் இரண்டு மலைகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுக்கும் மேலே வெறும் வானம் தெரிய வேண்டும், பச்சை அடர்ந்த பக்கமாக இருக்க வேண்டும், மேக நிழல் விழக் கூடாது. போனில் புரோ மோடைப் போட்டு, எச்.டி.ஆரை அணைத்து, ரா கோப்பாக (போன் திருத்தாத மூலப் படமாக) எடுங்கள். சாதாரணப் படத்தில் போன் தானாகவே மூட்டத்தைக் குறைத்துவிடும்.

வீட்டுக்கு வந்து, காமா திருத்தம் (திரைக்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்றும் திருத்தம்) சேராத நேர்கோட்டு மதிப்புகளில் இரண்டு மலைகளின் வெளிச்சத்தையும் அவற்றை ஒட்டிய வானத்தின் வெளிச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வானத்திலிருந்து மலையைக் கழித்து வானத்தால் வகுத்தால் அந்த மலையின் கான்ட்ராஸ்ட். உதாரணமாக 8 கிலோமீட்டரில் இருக்கும் மலைக்கு 0.5, 16 கிலோமீட்டரில் இருப்பதற்கு 0.25 என்று வந்தால், 8 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது. அதை 5.6-ஆல் பெருக்கினால் 45 கிலோமீட்டர். அதுதான் அன்றைய பார்வைத் தூரம். இதையே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாகச் செய்தால் மூன்று எண்கள் கிடைக்கும், நீலத்தின் எண் மற்ற இரண்டையும்விடக் குறைவாக வரும். சொந்தமாக ஷேடர் எழுதுகிறவர்கள் அந்த மூன்றையும் அப்படியே உள்ளே போடலாம். மற்றவர்கள் பச்சையின் எண்ணைப் பார்வைத் தூரமாக வைத்துக்கொண்டால் போதும்.